காலை எடுத்தும் வேகம் குறையவில்லையா? ஆக்சிலரேட்டர் சிக்கினால் செய்ய வேண்டியவை, பட்டன் கார்களில் தெரிந்திருக்க வேண்டியவை

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடும் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்த பிறகும் வண்டி பாய்ந்துகொண்டே போனால், பிரேக்கை ஒரே மிதியாக உங்கள் பலம் முழுவதையும் கொடுத்து மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காதீர்கள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். ஹஸார்ட் விளக்கைப் போட்டு ஓரம் கட்டுங்கள். வண்டி நின்ற பிறகு என்ஜினை அணையுங்கள். அவசரத்தில் படிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டாலும் பாதகமில்லை.

இந்த வரிசையில் ஸ்டார்ட் பட்டன் கடைசியில்தான் வருகிறது. புதிதாக ஓட்டுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் "உடனே என்ஜினை ஆஃப் பண்ணிடுவேன்" என்பார்கள். நியாயமான பதில் மாதிரித்தான் தெரியும். ஆனால் சாவியைத் திருகாமல் பட்டனை அழுத்திக் கிளப்பும் காரில், ஓடும்போது பட்டனை ஒருமுறை தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. தெரியாமல் கை பட்டு என்ஜின் நின்றுவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். இது தெரியாதவர் தட்டுவார், நிற்காது, மறுபடி தட்டுவார், பதறுவார். அதற்குள் சாலை ஓடிவிடும்.

2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் சான் டியகோ அருகே நடந்த விபத்தில் இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒன்றாகக் கூடின. தன் கார் சர்வீஸில் இருந்ததால் விற்பனை நிலையம் தற்காலிகமாகக் கொடுத்த லெக்ஸஸ் இஎஸ் 350 காரைக் குடும்பத்தோடு ஓட்டிப் போனவர், பணியில் இல்லாத ஒரு நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி. வண்டி ஓட்டத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் காரில் வேறொரு மாடலுக்குரிய கனமான ரப்பர் மேட் போடப்பட்டிருந்தது. அதன் விளிம்பில் ஆக்சிலரேட்டர் பெடல் மாட்டிக்கொண்டது. மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போய் மோதியதில் நால்வரும் இறந்தார்கள். பிரேக்குகள் சூட்டில் வெந்து போயிருந்தன. அந்தக் காரில் ஓடும்போது என்ஜினை அணைக்க வேண்டுமானால் பட்டனை 3 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் வண்டியே 3 விநாடியில் 80 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அடுத்த மாதமே டொயோட்டா நிறுவனம் சுமார் 38 லட்சம் கார்களில் ஓட்டுநர் பக்க மேட்டை எடுத்துவிடும்படி அறிவித்தது.

பிரேக்: ஒரே மிதி, பாதி மிதி கூடாது

என்ஜின் முழு வீச்சில் இழுக்கும்போது பிரேக் எடுபடுமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. எடுபடும். சாதாரணக் கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடப் பத்து விநாடி அளவுக்கு எடுத்துக்கொள்ளும். அதே வேகத்திலிருந்து நிற்க மூன்று, நான்கு விநாடி போதும். இரண்டில் எது பலசாலி என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது. அமெரிக்கக் கார் இதழ் ஒன்று டொயோட்டா கேம்ரியை மணிக்கு 112 கிலோமீட்டரில் ஓட்டி, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடியே பிரேக் போட்டுப் பார்த்தது. வழக்கமாக 174 அடியில் நிற்கும் வண்டி 190 அடியில் நின்றது. பதினாறு அடிதான் கூடுதல்.

ஆனால் மிதிக்கும் விதம் சரியாக இருக்க வேண்டும். பெட்ரோல் கார்களில் பிரேக் பெடல் லேசாக இருப்பதற்குக் காரணம் பூஸ்டர் என்ற பாகம். என்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை வைத்துத்தான் பெரும்பாலான பூஸ்டர்கள் வேலை செய்கின்றன. ஆக்சிலரேட்டர் முழுதாகத் திறந்து கிடக்கும்போது அந்த வெற்றிடம் உண்டாவதில்லை. ஏற்கனவே சேர்ந்திருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். மிதித்து, விட்டு, மிதித்து, விட்டு என்று அடித்தால் சேமிப்பு காலி. அதற்குப் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். அப்படி இறுகிய பிறகும் பிரேக் வேலை செய்யும், மிதிக்கத்தான் பல மடங்கு பலம் வேண்டும். வேண்டுமானால் இரண்டு கால்களையும் பிரேக் மேல் வைத்து, முதுகை இருக்கையில் ஊன்றி மிதியுங்கள்.

இன்னொரு தவறு, லேசாக மிதித்தபடியே நீண்ட தூரம் போவது. வேகம் "கொஞ்சம் கட்டுக்குள் இருக்கிறதே" என்று தோன்றும். உண்மையில் என்ஜினோடு மல்லுக்கட்டிப் பிரேக் சூடாகிக்கொண்டே இருக்கும், சூடு ஏற ஏறப் பிடிப்பு குறையும். நிறுத்துவது என்று முடிவெடுத்தால் உடனே, முழுதாக. பெடல் காலடியில் தடதடவென்று துடித்தால் பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

2010-க்குப் பிந்தைய கார்கள் பலவற்றில், பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து அழுந்தினால் பிரேக்குக்கு முன்னுரிமை கொடுத்து என்ஜினின் இழுவையைக் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறது. இருந்தால் நல்லது. இல்லை என்று வைத்துக்கொண்டே பழகுங்கள்.

நியூட்ரல்: கை பார்க்காமலே போக வேண்டிய இடம்

என்னைக் கேட்டால், புதியவர் தன் காரில் முதல் நாளே கற்க வேண்டியது இதுதான். நியூட்ரலில் போட்டுவிட்டால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். அது எவ்வளவு கத்தினாலும் வண்டியை இழுக்க முடியாது. பிரேக்கின் பலம் குறையாது, ஸ்டியரிங்கும் லேசாகவே இருக்கும். என்ஜினை அணைப்பதைவிட இது மேல் என்று சொல்வது அதனால்தான்.

நியூட்ரலில் விழுந்தவுடன் என்ஜின் அலறும். அந்தச் சத்தத்தில் பயந்து திரும்பவும் டிரைவில் போட்டுவிடுவது மனித இயல்பு. அலறட்டும், விடுங்கள். குறிப்பிட்ட சுழற்சிக்கு மேல் போகாமல் தடுக்கும் ஏற்பாடு இன்றைய கார்களில் உண்டு. அப்படியே என்ஜின் கெட்டாலும் போகட்டும்.

க்ளட்ச் உள்ள காரில் வேலை இன்னும் எளிது. க்ளட்சை முழுதாக மிதித்தாலே இழுவை நின்றுவிடும். பிறகு கியரை நியூட்ரலுக்கு எடுக்கலாம்.

ஆட்டோமேட்டிக்கில்தான் கார் மாறினால் கை தடுமாறும். வழக்கமான நீண்ட லீவரில், டிரைவிலிருந்து முன்னால் ஒரு தள்ளு தள்ளினால் நியூட்ரல். பெரும்பாலும் லீவரின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தக்கூடத் தேவையில்லை. அழுத்தாமல் தள்ளினால் நியூட்ரலைத் தாண்டி ரிவர்ஸுக்குப் போகாது என்பது கூடுதல் நன்மை. லீவரைப் பக்கவாட்டில் தள்ளி மேனுவல் முறைக்குக் கொண்டுபோகும் அமைப்பு இருந்தால், அந்தப் பள்ளத்தில் லீவர் இருக்கும்போது முன்னால் தள்ளினால் கியர்தான் மாறும், நியூட்ரல் வராது. முதலில் லீவரை டிரைவ் பக்கத்துக்கு இழுக்க வேண்டும்.

சில ஹைபிரிட் கார்களிலும் புதிய கார்களிலும் லீவர் ஒரு குட்டிக் குச்சியாக இருக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் கையை எடுத்தவுடன் நடுவுக்கே திரும்பிவிடும். டொயோட்டா பிரியஸ் அப்படிப்பட்டது. அதில் நியூட்ரலுக்குத் தட்டிவிட்டால் போதாது, தள்ளி ஒரு கணம் பிடித்திருக்க வேண்டும். அதே லீவரில் டிரைவுக்குக் கீழே B என்ற எழுத்து இருக்கும். பின்னால் போவதற்கானது என்று புதியவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது இறக்கத்தில் என்ஜினின் தடையாலேயே வேகத்தைக் குறைக்க வைத்த நிலை, வண்டி முன்னால்தான் போகும்.

கியரையே பட்டன்களாக வைத்த கார்களும், வட்டத் திருகாக வைத்த கார்களும் உண்டு. இவற்றில் கையின் பழக்கம் உதவாது, கண் தேவைப்படும். அவசரத்தில் கண் சாலையை விட்டு விலகக் கூடாது. ஆகவே காலி மைதானம் ஒன்றில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டே நியூட்ரலுக்கு மாற்றிப் பழகுங்கள். திரையில் எழுத்து மாறியதா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துச் சொல்லட்டும். தடுமாறாமல் வரும்வரை செய்யுங்கள். அப்படியே பக்கத்தில் இருப்பவருக்கும் கற்றுக் கொடுத்துவிடுங்கள், அவர் கை எட்டும் இடத்தில்தான் பெரும்பாலும் கியர் இருக்கிறது.

பட்டனால் எப்படி அணைப்பது

நியூட்ரல் விழவே இல்லை என்றால்தான் இது. ஓடும் காரில் என்ஜினை அணைக்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, பட்டனை இரண்டு மூன்று விநாடி விடாமல் அழுத்திப் பிடிப்பது. மற்றது, அடுத்தடுத்து மூன்று முறை சட்டென்று அழுத்துவது. இரண்டையும் ஏற்கும் கார்கள் நிறைய. உங்கள் கார் எதை ஏற்கும் என்று கையேட்டில் "அவசர நிறுத்தம்" பகுதியில் ஓரிரு வரி இருக்கும். அந்த வரியை மட்டும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டை முழுதாக யாரும் படிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும்.

காருக்குக் கார் இப்படி மாறுவது சரியில்லை என்று 2011 டிசம்பரிலேயே அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதியை முன்மொழிந்தது. அரை விநாடி அழுத்தினாலே அணைய வேண்டும் என்பது அதன் சாரம். ஆனாலும் வேறுபாடு இன்னும் நீடிக்கிறது.

அணைந்ததும் ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக்கில் ஓரிரு மிதிக்கு உதவி மிச்சமிருக்கும், அதனால் அப்போதும் காலை எடுக்காதீர்கள். சாவி திருகும் காராக இருந்தால் ஒரு படி மட்டும் பின்னால் திருப்புங்கள். கடைசிவரை திருப்பிச் சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், வண்டி ஓடும்போது அதைவிட ஆபத்து வேறில்லை.

பட்டனே இல்லாத மின்சாரக் கார்களும் வந்துவிட்டன. அவற்றில் பிரேக்கும் நியூட்ரலும்தான் வழி. நியூட்ரல் திரையில் இருக்கிறதா, லீவரில் இருக்கிறதா என்பதை வண்டி எடுத்த அன்றே கண்டுபிடித்து வையுங்கள்.

ஹேண்ட்பிரேக் கடைசித் துணை. பழைய கை லீவராக இருந்தால் அது பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். வெடுக்கென்று இழுத்தால் வண்டி சுழன்றுவிடலாம், ஆகவே நுனிப் பொத்தானை அழுத்தியபடி படிப்படியாக இழுக்க வேண்டும். எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்கில் சுவிட்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பல கார்களில் கையை விட்டவுடன் பிடிப்பும் விட்டுவிடும்.

சிக்கியது பெடலா, மாறியது காலா

கொஞ்சம் கசப்பான விஷயம். "ஆக்சிலரேட்டர் சிக்கிவிட்டது, பிரேக் பிடிக்கவில்லை" என்று சொல்லப்படும் விபத்துகளில் பலவற்றில் ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரில்தான் இருந்திருக்கிறது. 1980-களில் ஆடி 5000 கார் தானாகப் பாய்கிறது என்று அமெரிக்காவில் பெரும் புகார் எழுந்தது. 1989-இல் வந்த அரசு ஆய்வு, பெரும்பாலானவற்றுக்குப் பெடல் மாறி மிதித்ததே காரணம் என்றது. பிரேக்கை மிதித்தால்தான் பார்க்கிலிருந்து கியர் விலகும் என்ற ஏற்பாடு பரவியதற்கு இந்த விவகாரம் ஒரு முக்கியக் காரணம். 2019 ஏப்ரல் 19 அன்று டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில், 87 வயதுக்காரர் ஓட்டிய கார் பாய்ந்து ஒரு தாயும் சிறு மகளும் இறந்தார்கள். வண்டியில்தான் கோளாறு என்று அவர் வாதாடினார். பிரேக் மிதிபடவே இல்லை என்று காரின் பதிவுகள் காட்டின. 2021-இல் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறை விதித்தது.

இந்தத் தவறைச் செய்பவருக்கு, தான் பிரேக்கைத்தான் மிதிக்கிறோம் என்பதில் துளியும் சந்தேகம் இருப்பதில்லை. வண்டி வேகமெடுக்கும், இன்னும் அழுத்துவார், இன்னும் வேகமெடுக்கும். எனவே ஒரு விதியை உடம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள்: மிதிக்க மிதிக்க வேகம் கூடினால், காலை முழுதாக மேலே தூக்கி, இடப்பக்கம் நகர்த்தி, அகலமான பெடலைத் தேடி மிதியுங்கள். நிறுத்துமிடத்தில் கிளப்பும்போதோ பின்னால் எடுக்கும்போதோ வண்டி பாய்ந்தால் கால் மாறியிருக்கவே வாய்ப்பு அதிகம். சீரான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, கால் எடுத்த பிறகும் வேகம் நிலைத்தால் பெடலைச் சந்தேகியுங்கள். கால் வைக்காமலே வேகத்தை நிலையாக வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டதை மறந்திருக்கவும் கூடும், அது பிரேக்கைத் தொட்டவுடன் விலகிவிடும்.

கிளப்புவதற்கு முன்னால் ஐந்து நிமிடம்

பெடல் சிக்குவதற்கு மிகச் சாதாரணமான காரணம் மேட். ஓட்டுநர் பக்கத்தில் ஒரே ஒரு மேட் இருக்கட்டும், பழையதன் மேல் புதியதைப் போட வேண்டாம். தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிகள் மேட்டின் துளைகளில் மாட்டியிருக்கின்றனவா என்று கையால் இழுத்துப் பாருங்கள். கழுவிவிட்டுத் திரும்பப் போடுபவர்கள் கொக்கியை மாட்ட மறந்துவிடுவார்கள். மேட் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து பெடலுக்கு அடியில் போய்விடும்.

அடுத்து, என்ஜின் அணைந்திருக்கும்போது கீழே குனிந்து ஆக்சிலரேட்டரைக் கையால் அடிவரை அழுத்தி விடுங்கள். தடையில்லாமல் சட்டென்று மேலே வர வேண்டும். மெதுவாக எழுந்தாலோ, நடுவில் தயங்கினாலோ, கரகரவென்று உரசினாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பழைய கார்களில் பெடலிலிருந்து என்ஜின்வரை ஒரு கேபிள் போகும், அது துருவேறி இறுகலாம். புதிய கார்களில் கேபிள் கிடையாது, பெடலில் உள்ள சென்சார்கள் மின்சாரக் குறிப்பு அனுப்புகின்றன. ஆனாலும் பெடல் பெடல்தானே. டொயோட்டா 2010 ஜனவரியில் இன்னொரு 23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது, பெடலுக்குள் இருந்த உராய்வுப் பாகம் தேய்ந்து பெடல் மெதுவாகத் திரும்பியதற்காக. மின்னணுக் கோளாறா என்று நாசா பொறியாளர்களை வைத்தும் ஆராய்ந்தார்கள். அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று 2011-இல் அறிக்கை வந்தது.

தண்ணீர் பாட்டில் ஓட்டுநரின் காலடியில் இருக்கவே கூடாது. பிரேக்குக்கு அடியில் உருண்டுபோனால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது.

பட்டன் கார்களின் தினசரிக் குழப்பங்கள்

பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் விளக்கும் ரேடியோவும் மட்டும் உயிர்பெறும், என்ஜின் கிளம்பாது. மிதித்தபடி அழுத்தினால்தான் கிளம்பும், க்ளட்ச் உள்ள காரில் க்ளட்சையும் மிதிக்க வேண்டும். மிதித்தும் கிளம்பாமல் ஸ்டியரிங் இறுகி நின்றால், அதை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக்கொண்டே அழுத்துங்கள். ரிமோட் சாவியில் பேட்டரி தீர்ந்துபோனால் சாவியைப் பட்டன் அருகே ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்களில் கிளம்பிவிடும்.

கிளம்பாததைவிட, அணையாமல் விடுவது ஆபத்து. ஹைபிரிட்டும் மின்சாரக் காரும் ஓடுவதற்குத் தயாராக இருக்கும்போதும் சத்தமே போடாது. சிக்னலில் தானாக அணையும் என்ஜினும் அப்படித்தான், பிரேக்கை விட்டால் உயிர்பெறும். சாவி பையில் இருப்பதால் கதவைத் திறந்து இறங்கிப் போய்விடுகிறோம். மூடிய கராஜில் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்து, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் புகுந்து மக்கள் இறந்திருக்கிறார்கள். பார்க், ஹேண்ட்பிரேக், பட்டன், திரை இருண்டதா என்று ஒரு பார்வை, அதன் பிறகு கதவு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பார்க்கைத் திரையில் பார்த்து உறுதி செய்யுங்கள், லீவரின் நிலையை நம்பாதீர்கள். நடுவுக்கே திரும்பும் லீவர் வைத்த ஜீப் கிராண்ட் செரோக்கி உள்ளிட்ட சுமார் 11 லட்சம் வண்டிகள் 2016 ஏப்ரலில் திரும்ப அழைக்கப்பட்டன. பார்க்கில் போட்டதாக நினைத்து இறங்கியவர்கள் மீது வண்டி உருண்டு வந்ததே காரணம். நடிகர் ஆன்டன் யெல்சின் அந்த ஜூனில் இறந்தது அத்தகைய வண்டி ஒன்று உருண்டு வந்து நசுக்கியதால்தான்.

எல்லாப் பழியையும் ஓட்டுபவர் தலையில் போட முடியாது. 2015 மாடல் லிங்கன் எம்கேசி காரில் கியரே பட்டன் வரிசையாக இருந்தது, அதன் அடியிலேயே என்ஜின் பட்டனையும் வைத்திருந்தார்கள். ஓட்டிக்கொண்டே ஸ்போர்ட் பட்டனை அழுத்தப் போனவர்கள் என்ஜினை அணைத்தார்கள். கடைசியில் நிறுவனமே பட்டனை இடம் மாற்றிக் கொடுத்தது.

வாடகைக் காரோ, இரவல் காரோ, சர்வீஸ் நிலையம் கொடுத்த மாற்றுக் காரோ கைக்கு வந்தால், நகர்த்தும் முன் நான்கை மட்டும் கேளுங்கள். நியூட்ரல் எங்கே? ஓடும்போது எப்படி அணைப்பது? ஹேண்ட்பிரேக் எங்கே? மேட் இந்தக் காருக்கு உரியதா? கேட்கக் கூச்சப்பட வேண்டாம், சாவியைக் கொடுப்பவருக்கே தெரியவில்லை என்றால் கையேட்டை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

நின்ற பிறகு

பார்க்கில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, என்ஜினை அணையுங்கள். போக்குவரத்து உள்ள பக்கம் இறங்காதீர்கள். இப்போதுதான் கீழே குனிந்து பெடலைப் பார்க்கலாம். ஓடும்போது குனிந்து கையால் விடுவிக்க முயலவே கூடாது. மேட்தான் காரணம் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் அதை இழுத்துப் போடும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் தெரியவில்லை என்றால் மறுபடி கிளப்பிப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். பிரேக்குகளையும் சோதிக்கச் சொல்லுங்கள், ஒருமுறை அந்த அளவுக்குச் சூடேறியவற்றைப் பார்க்காமல் ஓட்டக் கூடாது. காரின் அடையாள எண்ணை வைத்து அந்த மாடல் திரும்ப அழைக்கப்பட்டிருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்டால், பழுதுபார்க்கும் செலவு அவர்களுடையதாகவே இருக்கக்கூடும்.